யாருக்குப் பழக்கமில்லாதது? ஆர்.எஸ்.மங்கலம் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

நான் இந்த வட்டாரத்தில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரில் ஒருவன். உங்களில் பலர் கலந்தாய்வில் வேறு இடம் மிச்சமில்லாமல் இந்த ஊரை எடுத்திருப்பீர்கள். குடும்பத்தை வெளியூரில் விட்டுவிட்டு வாடகை வீட்டில் தங்கியோ, விடியற்காலையில் பேருந்து பிடித்தோ வருகிறீர்கள். அந்தச் சிரமம் எங்களுக்குத் தெரியும். உங்களிடம் நான் கேட்க வந்தது ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி. அன்ஃபெமிலியர் என்ற அந்தச் சொல்லை எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் எப்படிக் கற்றுக்கொடுக்கிறீர்கள், எங்கள் பிள்ளைகளை அந்தச் சொல்லால் எப்படிப் பார்க்கிறீர்கள் என்ற இரண்டும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

பிள்ளைகளின் குறிப்பேடுகளைப் புரட்டிப் பாருங்கள். அன்ஃபெமிலியர் என்றால் தெரியாத, ஸ்ட்ரேஞ்ச் என்றால் விசித்திரமான, ஃபாரின் என்றால் வெளிநாட்டு, ஏலியன் என்றால் வேற்றுக்கிரகவாசி. எதிர்ச்சொல் பகுதியில் ஃபெமிலியர், அன்ஃபெமிலியர் என்று ஒரு ஜோடி. பத்தாம் வகுப்பு வினாத்தாளின் தொடக்கத்திலேயே ஒத்த பொருளும் எதிர்ச்சொல்லும் கேட்கிறார்கள்; பிள்ளை சரியான விடையைக் குறித்து ஒரு மதிப்பெண் வாங்கிவிடுகிறது. அந்த மதிப்பெண்ணை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2024ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இராமநாதபுரம் மாவட்டம் 96.36 விழுக்காடு தேர்ச்சி பெற்று மாநிலத்தில் மூன்றாம் இடத்துக்கு வந்தது. அதில் உங்கள் உழைப்பும் இருக்கிறது.

ஆனால் அதே பிள்ளையிடம் அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். 'ஐ ஆம் அன்ஃபெமிலியர் டு இங்லிஷ்' என்று எழுதும். எங்கிருந்து வருகிறது இந்த வாக்கியம்? தமிழில் 'எனக்கு ஆங்கிலம் பழக்கமில்லை' என்கிறோம். நான்காம் வேற்றுமையின் 'கு' உருபு அறிபவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'டு' என்பது அந்தக் 'கு'தான் என்று பிள்ளைக்குச் சொல்லித் தந்திருக்கிறோம். ஆகவே 'டு' எங்கேயாவது வர வேண்டும் என்று பிள்ளைக்குத் தெரிகிறது, எதன் முன்னால் என்று தெரியவில்லை. நான் பொருளை அறியாதவன் என்றால் 'வித்' போட வேண்டும்: 'ஐ ஆம் அன்ஃபெமிலியர் வித் இங்லிஷ்.' பொருள் எனக்கு அறிமுகமில்லை என்றால் 'டு' போட வேண்டும்: 'இங்லிஷ் இஸ் அன்ஃபெமிலியர் டு மீ.' பிள்ளை எழுதிய வாக்கியத்துக்கோ 'ஆங்கிலத்துக்கு என்னைத் தெரியாது' என்று பொருள் வந்துவிடுகிறது.

சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவது எளிது. நாற்பது ஐம்பது நோட்டுகள் காத்திருக்கும்போது வேறென்ன செய்வது என்று நீங்கள் கேட்கலாம். இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள் என்று கேட்கிறேன். இலக்கணப்படி அது பிழை. நடப்பில் அது உண்மை. அந்தப் பிள்ளை படிக்கும் ஆங்கிலத்துக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாதுதான். பிள்ளையின் கண்மாயை, மிளகாய்க் கொல்லையை, கரிமூட்டத்தை, தொண்டிக் கடற்கரையை அந்த ஆங்கிலம் பார்த்ததில்லை. கரீபியத் தீவான ஆன்டிகுவாவில் பிறந்த ஜமைக்கா கின்கெய்ட் 1990இல் வெளியிட்ட 'லூசி' நாவலில் ஒரு பெண் வருகிறாள். தான் கண்ணால் காணாத டாஃபொடில் பூவைப் பற்றிய ஆங்கிலக் கவிதையைப் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்தவள். பின்னால் அந்தப் பூவை நேரில் பார்க்கும்போது அவளுக்கு வருவது கோபம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கோபம்கூட வருவதில்லை. தங்களிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்து அடங்கிப்போகிறார்கள். எனக்கு வேதனை அங்கேதான்.

இந்தச் சொல்லின் வேரைக் கொஞ்சம் சொல்கிறேன், வகுப்பில் பயன்படும். லத்தீனில் 'ஃபமிலியா' என்றால் ஒரு வீட்டைச் சேர்ந்த எல்லாரும், வேலையாட்கள் உட்பட. அதிலிருந்து வந்தது ஃபெமிலியர்: வீட்டோடு சேர்ந்தது, வீட்டுக்காரரைப் போல் பழகியது. அன்ஃபெமிலியர் என்றால் என் வீட்டைச் சேராதது. வீடு என்று சொன்னால் யார் வீடு என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் 'டு'வும் 'வித்'தும் நிற்கின்றன. மலை உயரமாக இருக்கிறது, கடல் நீலமாக இருக்கிறது என்பதைப் போல ஒரு பொருள் தன்னளவில் அன்ஃபெமிலியராக இருக்க முடியாது. யாரோ ஒருவருக்கு அது அப்படி இருக்கிறது. பார்க்கிறவரை விட்டுவிட்டால் இந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

மற்ற மூன்று சொற்களை இதோடு சேர்த்துக் குழப்பாமல் இருக்க எங்கள் ஊரே உங்களுக்கு உதவும். சீமைக் கருவேலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கண்டத்து மரம்; பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1992இன் பல்லுயிர் உடன்படிக்கை தனது எட்டாம் பிரிவில் பேசும் 'ஏலியன்' இனம் என்பது இது போன்றதுதான். எங்கள் முன்னோரும் 'சீமை' என்ற அடைமொழியைப் போட்டு, இது வெளியிலிருந்து வந்தது என்று பெயரிலேயே எழுதிவைத்தார்கள். ஆனால் எங்கள் பிள்ளை பிறந்தது முதல் பார்க்கும் மரம் அதுதான். அதன் முள் குத்தாத கால் இங்கே கிடையாது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனையோ. ஏலியன்தான், ஆனால் அன்ஃபெமிலியர் இல்லை. இதை ஒரு தடவை சொன்னால் பிள்ளைகள் இரண்டு சொல்லையும் மறக்க மாட்டார்கள். வேற்றுக்கிரகவாசியும் தன் இடத்துக்குப் போய்விடுவார்.

ஃபாரினுக்கும் ஸ்ட்ரேஞ்சுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு மண்டபம் முகாம் போதும். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் இராமேஸ்வரம் கரைக்கு வந்து இறங்கியவர்கள் அங்கே வாழ்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஃபாரினர். பேச்சும் கும்பிடும் சாமியும் சோறும் குழம்பும் எங்களுக்கு ஸ்ட்ரேஞ்ச் இல்லை. ஒன்று எங்கிருந்து வந்தது என்று கேட்கும் சொல் ஃபாரின். எனக்கு இது ஒட்டவில்லை, உறுத்துகிறது என்று சொல்லும் சொல் ஸ்ட்ரேஞ்ச். ஓரியூரை நினைத்துக்கொள்ளுங்கள். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ தமிழ் கற்று, பண்டாரசுவாமி வேடம் பூண்டு, அருளானந்தர் ஆகி, 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்டு இறந்தார். ஃபாரினராகவே பிறந்த அவரை இந்தப் பக்கத்து மக்கள் இன்றும் தங்கள் வீட்டு ஆள் போலவே கூப்பிடுகிறார்கள். ஃபெமிலியர் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல வாக்கியம் எந்தப் பாடநூலில் இருக்கிறது?

இப்போது உங்களிடம் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் அன்கூத் என்று ஒரு சொல் உண்டு. இன்றைக்கு அதற்குப் பொருள் நாகரிகமில்லாத, முரட்டுத்தனமான. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் வெறும் 'அறியப்படாதது' என்பதுதான். 'கூத்' என்றால் அறியப்பட்டது. எனக்குத் தெரியாதது என்று தொடங்கிய சொல், நூற்றாண்டுகள் போகப் போக, பண்பில்லாதது என்று முடிந்தது. அவுட்லாண்டிஷ் என்ற சொல்லும் அதே பாதையில்தான் போனது. வெளிநாட்டைச் சேர்ந்தது என்ற பொருள் இருந்த இடத்தில் இன்று கோணங்கித்தனமானது என்ற பொருள் உட்கார்ந்திருக்கிறது. 'எனக்கு' என்பது உதிர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இரண்டு சொற்களே சாட்சி. அறியாமை பார்த்தவனுடையது, பழி பார்க்கப்பட்டவன் தலையில்.

இது எங்கேயோ இங்கிலாந்தில் நடந்த கதையாக எங்களுக்குத் தோன்றவில்லை. 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று தமிழ்ப் படங்களில் மேலதிகாரி மிரட்டும்போது திரையரங்கில் கைதட்டல் விழுகிறது. அந்தக் காடு எங்கள் மாவட்டம். எங்கள் பிள்ளைகளும் அதே திரையரங்கில் உட்கார்ந்து அதைக் கேட்கிறார்கள். தண்ணீருக்குத் தட்டுப்பாடு உண்டு. அதை நாங்கள் மறைக்கவில்லை. மழையை நம்பிய பூமி, ஐப்பசி கார்த்திகை பொய்த்தால் ஆண்டே பொய்க்கும். ஆனால் பாண்டியன் இராசசிம்மன் பெயரால் இராஜசிங்கமங்கலம் என்று வழங்கும் இந்த ஊரின் கண்மாயைப் பற்றி ஒரு சொலவடை இருக்கிறது: நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை. நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம், நாற்பத்தெட்டு மடைகள். தண்ணீரைத் தேக்கிப் பங்கிட்டு வாழத் தெரிந்தவர்கள் கட்டிய ஏரி இது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் விளையும் மண் இது. இதையெல்லாம் அறியாதவர்கள் 'எனக்கு அந்த ஊர் பழக்கமில்லை' என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அப்படிச் சொல்லாமல், ஊரையே தண்டனை ஆக்கிவிட்டார்கள். ஊர்ப் பெயரில் உள்ள இராஜசிங்கமும் ஆர்.எஸ். என்ற இரண்டு ஆங்கில எழுத்தாகச் சுருங்கித்தான் உங்கள் பணி ஆணைக்கு வந்து சேர்ந்தது.

அந்த மனநிலை வகுப்பறைக்குள்ளும் வருகிறது. என் பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரிக்கப் போனபோது ஓர் ஆசிரியர் என்னிடம் சொன்னார்: 'இந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கு இங்லீஷ் வராது சார், ஊர் அப்படி.' கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னை ஆறுதல்படுத்துவதற்காகவே சொன்னார். அவர் யார், எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை, ஏனென்றால் அந்த வாக்கியத்தை வேறு பல பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். 'இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் இன்னும் பழகவில்லை' என்பதும் 'இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது' என்பதும் ஒன்றா? முதலாவது இன்றைய நிலையைச் சொல்கிறது, நாளைக்கு மாறலாம். இரண்டாவது தீர்ப்பு. அன்ஃபெமிலியர் அன்கூத் ஆகும் இடம் அதுதான், ஆசிரியர்களே.

புதிதாக வந்த ஆசிரியர் தனக்குப் பழக்கமில்லாத ஒன்றைத் தவறு என்று முடிவுகட்டிய நிகழ்ச்சி எங்கள் கடற்கரையில் முன்பே நடந்திருக்கிறது. இராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளியில் சிறுவன் அப்துல் கலாம், கோயில் அர்ச்சகரின் மகன் இராமநாத சாஸ்திரியோடு முன்வரிசையில் உட்கார்வார். ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியரால் அதைத் தாங்க முடியவில்லை. கலாமைப் பின்வரிசைக்கு அனுப்பினார். அந்த இரண்டு பிள்ளைகளின் நட்பு ஊருக்குப் பழக்கமானது. அவர் ஒருவருக்குத்தான் புதியது. அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரி அவரை அழைத்துக் கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார், மாறினார். 'அக்கினிச் சிறகுகள்' நூலில் கலாம் இதைச் சொல்லிவிட்டு, தன்னை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்ட அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரைப் பற்றியும் சொல்கிறார். அவர் மனைவிக்கு அந்த விருந்து ஏற்கவில்லை. ஐயர் தாமே பரிமாறி, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த வாரமும் வரச் சொன்னார். அப்போது அந்த அம்மாவே சமையலறைக்குள் கூட்டிப்போய்ப் பரிமாறினார். பழக்கமில்லாதது பழக்கமானதாக மாற அந்த வீட்டில் ஒரு வாரம் போதுமானதாக இருந்திருக்கிறது.

உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. பழக்கமில்லாததைப் பழக்கமாக்கும் இந்த வேலையை ஆங்கிலமே செய்திருக்கிறது. கண்மாய் நிரம்பி மிஞ்சும் நீர் வெளியேறும் கலுங்கை, கலிங்கல் என்றும் சொல்வார்கள். சென்னை மாகாணத்தின் பாசன வேலைகளைப் பார்த்த வெள்ளைக்காரப் பொறியாளர்கள் அதற்கு வேறு சொல் தேடாமல் எங்கள் சொல்லையே எடுத்து 'கலிங்குலா' என்று அறிக்கைகளில் எழுதினார்கள். யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியில் அந்தச் சொல் தமிழ் மூலத்தோடு இடம்பெற்றிருக்கிறது. ஆள வந்தவர்கள்கூட, இந்தப் பொருள் எங்களுக்கு அன்ஃபெமிலியர், இங்குள்ளவர்களுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டு கற்றுக்கொண்ட இடம் அது. கலுங்கைத் தினமும் கடந்து பள்ளிக்கு வரும் பிள்ளையிடம் இந்தச் செய்தியைச் சொல்லிப் பாருங்கள். ஆங்கில அகராதிக்குள் தன் ஊர்ச் சொல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு அந்த அகராதியைத் திறக்கப் பயம் குறையும்.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்பீர்கள். நியாயம்தான். வருகைப் பதிவேடு, செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்கள், பயிற்சி வகுப்பு, தேர்தல் வேலை என்று கற்பித்தல் அல்லாத பாரம் உங்கள் தோளில் ஏறிக்கொண்டே போகிறது. அதை எதிர்த்து நீங்கள் குரல் கொடுக்கும்போது பெற்றோர் நாங்கள் உங்கள் பக்கம் நிற்க வேண்டும். ஆனால் நான் கேட்பதற்குத் தனியாகப் பாடவேளை வேண்டாம். ஒத்த பொருளுக்கும் எதிர்ச்சொல்லுக்கும் ஏற்கெனவே செலவிடும் நேரத்திலேயே செய்யலாம்.

அன்ஃபெமிலியர் என்ற சொல்லை இனித் தனியாக எழுதிப்போடாதீர்கள். 'அன்ஃபெமிலியர் டு', 'அன்ஃபெமிலியர் வித்' என்று வாலோடு சேர்த்தே கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டையும் திருப்பித் திருப்பி வாக்கியமாக்கச் சொல்லுங்கள். வாக்கியத்துக்கு உரிய பொருள் இந்த மண்ணிலிருந்து வரட்டும். முதல் வாக்கியம் உங்களைப் பற்றியதாக இருக்கட்டும்: எங்கள் ஆசிரியருக்கு மடை தெரியாது, உள்வாய் தெரியாது, கச்சான் காற்றுக்கும் வாடைக்கும் உள்ள வித்தியாசம் தெரியாது. பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் எழுதி உங்களுக்கு விளக்கட்டும். பெரியவர்களுக்கும் தெரியாதது உண்டு, தெரியாமல் இருப்பது இழிவு இல்லை, கேட்டால் தெரிந்துகொள்ளலாம் என்பதை அந்த ஒரு பாடவேளையில் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுவார்கள். அதன் பிறகு, தாங்கள் ஆங்கிலத்தில் தடுமாறும்போது வாயை மூடிக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மாறுதல் பற்றியும் ஒரு சொல். நீங்கள் சொந்த ஊருக்குப் போக விரும்புவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் இந்த ஊருக்கு வந்த முதல் நாளிலிருந்தே கிளம்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். 2018இல் நிதி ஆயோக் வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து விருதுநகரோடு இராமநாதபுரமும் அதில் சேர்ந்தது. திட்டங்கள் வரும், பணம் வரும். ஆறாம் வகுப்பில் சேர்த்துவிட்ட பிள்ளை பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை ஒரே ஆங்கில ஆசிரியர் இருப்பது எந்தத் திட்டத்தாலும் வராது. அது நீங்கள் நினைத்தால் மட்டுமே நடக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கல்வியாண்டின் அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு நாள், உங்கள் வகுப்புப் பிள்ளைகளோடு பெரிய கண்மாய்க் கரைக்குப் போங்கள். அனுமதிக் கடிதத்துக்குப் பெற்றோர் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம், கூடவும் வருகிறோம். அங்கே உங்களுக்குத் தெரியாததையெல்லாம் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாத ஆங்கிலத்தை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். அதற்கு முன்பும் பின்பும், 'இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது' என்ற வாக்கியத்தை ஆசிரியர் அறையில் யார் சொன்னாலும், தயவுசெய்து திருத்துங்கள்.